எத்தனை மணி நேரம் நாமே ஓட்டுவோம்?

என் அக்கா மகன் நெடுந்தூர லாரி ஓட்டுநராக விரும்புகிறான். எந்தப் பயிற்சியில் சேரலாம் என்று கேட்டவன், கட்டணத்தையும் எத்தனை வாரம் என்பதையும் மட்டுமே ஒப்பிட்டு வைத்திருந்தான். நானும் அன்று அப்படித்தான் சேர்ந்தேன். ஒரே லாரியில் ஆறு பேர் பயின்றோம். ஒருவர் ஓட்ட, மற்ற ஐவரும் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தோம். உரிமம் கிடைத்த நாளில் கணக்கிட்டால், நான் ஸ்டீயரிங் பிடித்த நேரம் பத்து மணி நேரத்தைக்கூடத் தொடவில்லை.

சான்றிதழை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு விதிமுறைகளே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு நெறிமுறை முழுப் பயிற்சிக்கு 280 மணி நேரமும் துரிதப் பயிற்சிக்கு 140 மணி நேரமும் வகுத்தது. ஆனால் அவற்றுள் மாணவர் தாமே ஓட்டியாக வேண்டிய நேரம் முறையே குறைந்தது 20, 10 மணி நேரம்தான். அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதியோ, கற்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறதே தவிர, ஓட்டும் நேரத்துக்குக் கீழ்வரம்பு எதையும் வைக்கவில்லை; திறமை வந்துவிட்டதா என்று பயிற்றுநரே முடிவு செய்கிறார்.

ஓரத்தில் நின்று பார்ப்பதால் கை பழகாது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது அதன் பின்பகுதி இடப்பக்கம் போக வேண்டுமானால் முதலில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அது யோசிக்காமல் வருவதற்கு, தவறாகத் திருப்பி, முன்னே இழுத்து நேராக்கி, மீண்டும் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புகள் பல தேவை. ஏர் பிரேக்கும் அப்படித்தான். மிதித்த பின் காற்று டிரெய்லரின் கடைசிச் சக்கரம் வரை சென்று பிரேக் பிடிப்பதற்குள் வண்டி கொஞ்ச தூரம் ஓடிவிடும் என்பதை உடல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். லோடு இல்லாத டிரெய்லரின் சக்கரங்கள் ஈரச் சாலையில் எளிதில் வழுக்கும் என்பதையும் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகே, நடுங்கிக்கொண்டு அறிந்தேன்.

நிறுவனமே செலவை ஏற்று, அனுபவமுள்ள ஓட்டுநருடன் பல வாரங்கள் அனுப்பும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. நெடுஞ்சாலையும் இரவும் அதில் தாமாகவே வந்துவிடும். ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. எத்தனை மாதம் அங்கேயே பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, வேலை செய்த காலத்துக்கு ஏற்ப அது குறையுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். அவன் ஓட்டும்போது பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் விழித்திருப்பாரா, பின்னால் படுத்துறங்குவாரா என்றும் கேட்கச் சொன்னேன். உறங்குவார் என்றால் அங்கே பயிற்சி நடக்கவில்லை, இரண்டு ஓட்டுநர்களின் வேலை நடக்கிறது.

ஆட்டோமேட்டிக் கியர் லாரியை ஓட்டிக்காட்டித் தேர்வானால் சில நாடுகளில் உரிமம் அதற்கு மட்டுமே செல்லும். அதையும் முன்பே விசாரிக்க வேண்டும்.

அவன் மனத்தில் வைத்திருக்கும் பள்ளிக்கு அடுத்த வாரம் நானும் உடன் செல்கிறேன். காலைப் பொழுது முழுவதும் மைதானத்தில் நின்று, ஒரு மாணவர் இருக்கையில் ஏறி இறங்கும் வரை எத்தனை நிமிடம் ஓட்டுகிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளப் போகிறோம்.