எஞ்சினை மாற்றாமல் இன்றைய ரோட்டுக்கு ஒரு அம்பாசடர்

எங்கள் அம்பாசடர் 1977-இல் பதிவான மார்க் 3. 1,489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங்குக்குக் கீழே கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதை நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பயமில்லாமல் ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. கேட்ட இடமெல்லாம் கிடைத்த யோசனை ஒன்றுதான்: "எஞ்சினைத் தூக்கிட்டு இசுசு 1.8 போட்டுடுங்க சார்." வேகம் கூடும், உண்மைதான். ஆனால் அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பழைய வண்டிகளைத் தனியாகப் பதிவுசெய்ய 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதியும், 50 வயது தாண்டி, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்குத்தான். இந்த வண்டி அந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாக நிற்காத வண்டியில் வேகத்தைக் கூட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அதனால் முதல் வேலை பிரேக். இசுசு எஞ்சினோடு வந்த கடைசிக் கால 1800 அம்பாசடர்களில் வந்த முன் டிஸ்க் செட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தோம். டிஸ்க்கும் அதைப் பேட் வைத்து இறுக்கும் காலிப்பரும் மட்டும் வாங்கினால் போதாது. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அதை டிஸ்க்கோடு சேர்த்தால் பேட் ஒட்டிக்கொண்டே ஓடி, சூடேறிவிடும். மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர், புது பைப், ஹோஸ் என முழு செட்டாகவே போட்டோம். இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். செலவழித்ததில் மனசுக்கு நிறைவு தந்த பணம் இதுதான்.

அடுத்தது பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றுபோனது. இந்த வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு மூடும்போது போய் அமரும் சீட்டுக்கு அந்த ஈயம்தான் பாதுகாப்பு. அது இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வுக்கு விட்டிருக்கும் டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். லேத்தில் கடினமான சீட் இறக்கி, வால்வைச் சீட்டோடு தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்து பூட்டினோம். இப்போது வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃபிரத்தையும் அது இளகவைத்துவிடும். எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். டேங்கின் அடியில் படிந்த கசடையும் கிளப்பிவிடும் என்பதால் டேங்கைக் கழுவி, கூடுதலாக ஒரு ஃபில்டர். எத்தனாலுக்குக் காற்று குறைவாகவும் எரிபொருள் கூடுதலாகவும் வேண்டும், ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்தோம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அப்படி நிறுத்துவதையே விட்டுவிட்டேன்.

நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட்டை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். இந்த வழக்கம் எங்கும் உண்டு, ஆனால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டருக்குப் புது கோர் போட்டு, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டி, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றினோம். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்றும் சூடு காட்டும் முள் ஏறவில்லை.

எலக்ட்ரிக்கல் வேலை சீக்கிரம் முடிந்தது. டைனமோ ஐடிலில் சார்ஜ் செய்யாது, அங்கே ஆல்டர்னேட்டர். ஹெட்லைட்டுக்கு ரிலே, அதே பல்ப் இன்னும் பிரகாசமாக எரிகிறது. தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். இதில் காயிலின் ஓம் அளவு (மின்தடை) அதன் மாடியூலுக்குப் பொருந்த வேண்டும், இல்லையென்றால் மாடியூல் எரிந்துவிடும்.

அப்புறம் ரேடியல் டயர். வளைவில் பிடிப்பு நன்றாக இருக்கிறது, பார்க்கிங்கில் ஸ்டியரிங் கொஞ்சம் கனம். முன் சஸ்பென்ஷன் நிப்பிள்களுக்கு கிரீஸ் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடுவதே இல்லை.

அடுத்து சீட் பெல்ட். கதவுகளுக்கு நடுவே உள்ள தூணின் உட்பக்கம் தகடு வைத்து வெல்டிங் செய்தால்தான் இழுவையைத் தாங்கும் என்பதால் டிங்கரிங் வேலையோடு சேர்த்துச் செய்யப்போகிறோம்.