எர்த் கிடைக்காத காயில்

கொடைக்கானல் என்றால் எல்லாருக்கும் குளிர் நினைவுக்கு வரும். எனக்கு வருவது அங்கே எங்கள் பள்ளி இயற்பியல் லேபின் ஓசோன் வாசனை. பிளஸ் டூவில் நானும் என் பெஞ்சு நண்பனும் டெஸ்லா காயில், அதாவது உயர் மின்னழுத்தத்தில் பொறி பறக்கவிடும் இரட்டைச் சுருள், செய்யப்போய்க் கிளப்பிவிட்ட வாசனை அது.

பழைய ஜீப்பின் இக்னிஷன் காயிலை பேட்டரியில் மாட்டி அரை அங்குலப் பொறி வரவழைத்து, "சார், டெஸ்லா காயில்" என்று காட்டினோம். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது டெஸ்லாவுக்கு முந்தின ரும்கார்ஃப் காயில் காலத்துச் சரக்குடா. உள்ளே இரும்பு இருக்கு. டெஸ்லாவோடதுல இரும்பு கிடையாது, ரெண்டு சுருளும் ஒரே அதிர்வெண்ணில் சுருதி சேரணும்."

சுருதி சேர ஒரு மாதம் ஆனது. வத்தலக்குண்டு மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனாமல் கம்பி வாங்கி, மூன்றங்குல பிவிசி குழாயில் 800 சுற்று சுற்றினோம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போச்சு. உப்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே அலுமினியத் தாள் சுற்றிய எட்டு பாட்டில்கள்தான் கண்டென்சர். பொறிக்கு இரண்டு போல்ட். தடித்த செம்புக் கம்பிச் சுருளில் கிளிப்பை அரை அரைச் சுற்றாக நகர்த்திக்கொண்டே வந்தோம். பன்னிரண்டரையாவது சுற்றில், உச்சியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளரிலிருந்து ஊதா நிறத்தில் சீறியது. நண்பன் கையிலிருந்த டியூப்லைட் ஒயரே இல்லாமல் எரிந்தது. அதே நேரம் வார்டன் அறையில் இலங்கை வானொலி கரகரத்தது. அது தனிக் கதை.

சண்டை எர்த்தில்தான் வந்தது. சுருளின் அடிமுனையை நண்பன் பிளக்கின் மூன்றாவது பின்னில் செருகிவிட்டான். பக்கத்து அறையில் மின் அடுப்பைத் தொட்ட லேப் அட்டெண்டர் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார். "அந்த எர்த் ஐம்பது ஹெர்ட்ஸுக்குப் போட்டது. இது நாலு லட்சம் ஹெர்ட்ஸ். நீளமான ஒயரில் இறங்காது, கட்டடம் பூரா பரவும்" என்று சார் பிடுங்கிப் போட்டார். தனி எர்த் போட, கரியும் உப்பும் சுமந்துகொண்டு லேபுக்குப் பின்னால் போனோம். ஒன்றரை அடியில் கம்பி டங்கென்று நின்றது. இந்த மலையில் மண் மேலே கொஞ்சம்தான், கீழே முழுக்கப் பாறை. கடைசியில் மேசைக்கடியில் கோழி வலையை விரித்து அதில் கட்டினோம். வேலை செய்தது.

ஆனால் நண்பனுக்கு மனசு ஆறவில்லை. "மண்ணில் இறங்காதது டெஸ்லா காயிலே இல்லை. 1899-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் அந்த மனுஷன் எர்த்துக்காகத்தானே தவம் கிடந்தார்?" நம் மலையில் சூரிய ஆய்வகம் தொடங்கியதும் அதே வருடம் என்பதால் அந்த எண்ணை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் விடவில்லை. 1891-ல் டெஸ்லா பேட்டன்ட் வாங்கியது விளக்கு எரிக்க. டம்ளரிலிருந்து காற்று வழியே போகிற மின்னோட்டம் அடிமுனைக்குத் திரும்ப ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான். அது மண்ணா வலையா என்று காயிலுக்குத் தெரியுமா?

போன வருடம் என் மகன் உள்ளங்கையளவு காயில் ஒன்று வாங்கினான். ஒரே டிரான்சிஸ்டர், யூஎஸ்பியில் ஓடுகிறது, பெட்டியில் டெஸ்லா காயில் என்று போட்டிருக்கிறது. நண்பனுக்கு வீடியோ காலில் காட்டினேன். "முதல் சுருளுக்குச் சுருதியே இல்லை. பொம்மைடா." எனக்கும் பாதி சம்மதம்தான். இரண்டாவது சுருளாவது சுருதியில் நிற்கிறதே என்றேன். கேட்டால்தானே.

அவன் இப்போது பழனியில் இருக்கிறான். ஜனவரியில் பள்ளிக்குப் போய், லேபின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். பாறையில் முட்டி நின்ற அந்தக் கம்பி துருவேறி அங்கேயே இருக்கிறது. கீழே எழுதியிருந்தான்: "இன்னும் மூணடி இறங்கியிருந்தா அது டெஸ்லா காயில்."