எஸ்பிஎஃப் பாஸ், டிமார்க் ஃபெயில்

எங்கள் டொமைன் பெயரில் போலி பில் ஒன்று மெயிலில் வந்திருப்பதாக ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் டிமார்க் அமைக்க உட்கார்ந்தேன். எங்கள் பெயரில் வரும் மெயில் சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் பதிவு அது. எங்களை நம்பி அவர் பணம் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பதற்றம் இன்னும் போகவில்லை.

முதலில், டொமைனின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ்ஸைத் திறந்து பார்த்தேன். எஸ்பிஎஃப் பதிவுகள், அதாவது எங்கள் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்கள், இரண்டு இருந்தன. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். ஒன்றாகச் சேர்த்தால், அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் 10 என்ற வரம்பைத் தாண்டின. எப்போதோ கைவிட்ட சேவைகளை நீக்கியதும் சரியானது. மெயிலின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் சாவியைப் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை.

அடுத்து டிமார்க். எடுத்த எடுப்பில் நிராகரிக்கச் சொல்லாமல், கண்காணிப்பு மட்டும் என்ற கொள்கையோடு, அறிக்கை வர ஒரு முகவரியையும் கொடுத்தேன். இந்த நிலையை யாரும் தவிர்த்துவிடாதீர்கள். தினமும் வந்த எக்ஸ்எம்எல் அறிக்கைகளில்தான் விஷயமே இருந்தது. எங்கள் பெயரில் பில் அனுப்பும் வெளிச் சேவையின் மெயில்கள் எஸ்பிஎஃப்பில் பாஸ், டிமார்க்கில் ஃபெயில். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எஸ்பிஎஃப் சரிபார்ப்பது, திரும்பி வரும் மெயிலுக்கான ரிட்டர்ன்-பாத் டொமைனை. அங்கே அந்தச் சேவை தன் டொமைனை வைத்திருந்தது. படிப்பவர் கண்ணில் படும் ஃப்ரம் முகவரியிலோ எங்கள் டொமைன். இரண்டும் பொருந்தினால்தான் எஸ்பிஎஃப் பாஸை டிமார்க் ஏற்கும். நேரே நிராகரிக்கச் சொல்லியிருந்தால் எங்கள் சொந்த பில்களே போய்ச் சேர்ந்திருக்காது! சேவையின் அமைப்புகளில் எங்கள் டொமைனைச் சேர்த்து, எங்கள் பெயரிலேயே டிகிம் கையொப்பம் போட வைத்தேன்.

ஃபார்வர்டு ஆகும் மெயில்களுக்கும் டிகிம்தான் கைகொடுத்தது. இடையில் வேறு சர்வர் வருவதால் எஸ்பிஎஃப் உடைந்துவிடும். உள்ளடக்கம் மாறாதவரை கையொப்பம் நிற்கும். எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்று பாஸாகி, அதன் டொமைனும் ஃப்ரம் முகவரியோடு பொருந்தினால் டிமார்க்குக்குப் போதும்.

இரண்டு மாதம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு ஸ்பேமுக்குத் தள்ளும் கொள்கைக்கும், பிறகு முழு நிராகரிப்புக்கும் மாறினேன்.

கடைசியாக ஒன்று நினைவுக்கு வந்தது. மெயிலே அனுப்பாத இன்னொரு டொமைனும் எங்களிடம் சும்மா கிடந்தது. யாருக்கும் அனுப்பும் அனுமதி இல்லை என்று அதற்கு ஓர் எஸ்பிஎஃப் பதிவு, கூடவே நிராகரிக்கச் சொல்லும் டிமார்க். இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அன்றைக்கே போட்டுவிட்டேன்.