சிகந்தூர் பாலம் எழும்பியதைப் பார்த்தவனின் குறிப்புகள்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கர்நாடகத்தின் சாகரா பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற கார்க்காரர், சௌடேஸ்வரி அம்மன் கோவில் இருக்கும் சிகந்தூர் போய்த் திரும்ப 3,500 ரூபாய் கேட்டார். முன்பெல்லாம் தண்ணீரைக் கடக்க, வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகான லாஞ்சுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குக் காத்திருப்புக் கூலி கேட்பார்கள், நியாயம் என்று கொடுத்தோம். இப்போதுதான் பாலம் வந்துவிட்டதே என்றேன். பாலம் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது, அதனால் இதுதான் ரேட் என்றார் கூசாமல். மக்கள் வரிப்பணத்தில் கட்டிய பாலத்தைக் காட்டி இப்படிப் பிடுங்குவது அநியாயம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தனியார் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அதற்கு முந்தைய இரவு இன்னும் மோசம். பெங்களூரிலிருந்து சாகரா வழியாகத் தாளகுப்பா போகும் ரயிலில் படுக்கை கிடைக்காமல் ஸ்லீப்பர் பஸ்ஸுக்கு 1,100 ரூபாய் அழுதேன். ஜன்னல் கண்ணாடி கடைசி இரண்டு அங்குலம் மூடவே இல்லை. ஷிமோகா தாண்டியதும் மழை. போர்வை, பை, கால் எல்லாம் ஈரம். நடத்துநரிடம் சொன்னால் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து அடைத்துக்கொள்ளச் சொல்கிறார். ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிடுங்கள், இந்தப் பஸ் வேண்டாம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் கை நகர மாட்டேன் என்கிறது.

ஷராவதி ஆற்றின் குறுக்கே 1964-இல் லிங்கனமக்கி அணை கட்டினார்கள். ஜோக் அருவியில் விழுகிற அதே ஆறுதான். நீர் தேங்கியதில் பல ஊர்கள் மூழ்கின. தப்பிய துமரி, கரூர் (நம்ம ஊர் கரூர் இல்லை) பக்கத்து ஊர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. ஷராவதி மின்நிலையம் 1,035 மெகாவாட் திறன் கொண்டது, கர்நாடகத்துக்கே விளக்கேற்றியது. அதற்காக நிலம் கொடுத்தவர்கள் தங்கள் தாலுகா ஊரான சாகராவுக்கு வர லாஞ்சை நம்பியே இத்தனை காலம் வாழ்ந்தார்கள். சாயங்காலத்தோடு லாஞ்ச் நின்றுவிடும். அப்புறம் யாருக்காவது நெஞ்சு வலி என்றாலும் ஹோசநகர் பக்கமாக ஏறத்தாழ 80 கி.மீ. சுற்ற வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம், பாலம் எப்படி அஜ்ஜி என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். பேரன் பிறந்த ராத்திரி மகளை ஜீப்பில் ஏற்றிச் சுற்றிப் போன கதையைச் சொன்னார். இப்போது இராத்திரியில் காய்ச்சல் வந்தால் பயமில்லை என்றார். சுற்றுலாப் பயணிக்கு இது வேடிக்கை, அவர்களுக்கு ரொம்பத் தாமதமாகக் கிடைத்த கடன் பாக்கி.

கொல்லூர் மூகாம்பிகை கோவிலுக்கு வரும் சாக்கில் இந்தப் பாலத்தின் வேலையை எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2018-இல் அடிக்கல், 2019 கடைசியில் வேலை தொடக்கம். ஆரம்பத்தில் தண்ணீருக்கு நடுவே மிதவைகளும் கிரேன்களும் மட்டும் தெரியும். மழைக்காலத்தில் நீர் ஏறிவிட்டால் தூண்கள் குட்டையாகத் தெரியும், கோடையில் போனால் அதே தூண்கள் உயர்ந்து நிற்கும், சுற்றிலும் மூழ்கிய காட்டின் மொட்டை அடிமரங்கள். தண்ணீர் நன்றாக இறங்கினால் லிங்கனமக்கிக்கு முன்பு கட்டி, அதிலேயே மூழ்கிப்போன ஹிரேபாஸ்கர அணையும் வெளியே வரும். 2023 ஜூனில் மழை தள்ளிப்போனபோது லாஞ்சில் வண்டி ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில் மேலே வேலை மும்முரம்.

என்னைக் கட்டிப்போட்டது அந்த மேல் வேலைதான். ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் இரண்டு பக்கமும் பாலத்தின் கை நீள்கிறது. கீழிருந்து சாரம் கிடையாது. கையின் நுனியில் ஒரு இரும்புக் கூண்டு தொங்குகிறது. அதற்குள் கம்பி கட்டி, சில மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் ஊற்றி, அது இறுகியதும் உள்ளே ஓடும் எஃகு வடங்களை ஜாக்கி வைத்து இழுத்து முறுக்கேற்றி, கூண்டை முன்னால் நகர்த்தி அடுத்த துண்டு. ஒரு பக்கம் ஒரு துண்டு வளர்ந்தால் மறுபக்கமும் வளர வேண்டும், தோளில் காவடி மாதிரி. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தூண் தாங்காது. லாஞ்ச் வரிசையில் நின்றபடி அந்தக் கூண்டில் மஞ்சள் தலைக்கவசம் போட்டவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எதிரெதிர்க் கைகளுக்கு நடுவே கடைசி இடைவெளி மட்டும் மிச்சமிருந்த காலத்தில் ஒருமுறை போனேன். வரிசை நகர்ந்ததே தெரியவில்லை, பின்னாலிருந்த ஜீப்காரர் ஹாரன் அடித்துத்தான் எழுப்பினார்.

இந்தியாவின் இரண்டாவது நீளமான கேபிள் பாலம் என்று செய்திகளில் போடுகிறார்கள். முழு நீளம் 2.44 கி.மீ., அகலம் 16 மீட்டர். ஆனால் கேபிள்கள் இருப்பது நடுவில் சுமார் 740 மீட்டர் மட்டும்தான்: தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியான கண்களில் பெரியவை மூன்று, 177 மீட்டர் வீதம், இரு ஓரத்திலும் 105 மீட்டர் வீதம். பொறியாளர்கள் இதை எக்ஸ்ட்ராடோஸ்டு வகை என்பார்கள். கோபுரங்கள் உயரம் குறைவு, கேபிள்கள் சரிந்து ஓடும், எடையில் பெரும்பகுதியைக் கனமான தளமே தாங்கும். மும்பையின் பாந்த்ரா - வொர்லி பாலம் மாதிரி வானளாவிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறலாம். எனக்கு இந்தக் குட்டைக் கோபுரங்கள்தான் பிடித்திருக்கின்றன. சுற்றியிருக்கும் மலைத்தொடரை மறைக்காமல் நிற்கின்றன.

2025 ஜூலை 14-ஆம் தேதி நிதின் கட்கரி திறந்துவைத்தார். இந்த முறை பாலத்தின் முனையிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடைபாதையில் நடந்தேன். தளத்தின் பெரும் பகுதிகள் சேரும் இடத்தில், வெயிலில் தளம் விரிய இடம் விட்டு, சாலைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை வைத்த விரிவு இணைப்பு இருக்கிறது. பஸ் அதைக் கடக்கும்போது தடக் தடக் என்று சத்தம், ஒரு நொடி கழித்துப் பாதத்துக்குக் கீழே மெல்லிய அதிர்வு. நான் பார்க்க வளர்ந்த கான்கிரீட் அது. கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் காரை நடுச்சாலையில் நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது, பின்னால் ஐந்தாறு வண்டிகள். இருப்பதே இரண்டு தடம். தயவுசெய்து காரைக் கரையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

சாப்பாடு! சாகராவில் கடைத்தெருவுக்குள் ஒரு சின்ன மெஸ், இலைச் சாப்பாடு 120 ரூபாய். அங்கேதான் அப்பெஹுளி குடித்தேன். மாங்காயை வேகவைத்துக் கரைத்து, பச்சைமிளகாய் போட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்துத் தண்ணீராக ஒரு டம்ளரில் தருகிறார்கள். ஈரப் பஸ்ஸில் பிடித்த சளி, இரண்டாவது டம்ளரில் இறங்கிவிட்டது. கூடவே அப்பெமிடி ஊறுகாய், முழுசாகப் போட்ட பிஞ்சு மாவடு. கடித்தால் காம்புப் பாலின் வாசம் மூக்குக்கு ஏறும். அரை கிலோ வாங்கினேன், பட்ஜெட்டில் 250 ரூபாய் ஓட்டை, பரவாயில்லை.

சரி, கணக்கு. சாகராவில் சுமாரான அறை 800 ரூபாய். சிகந்தூர் கோவிலில் மதியம் அன்னதானம் உண்டு, வரிசை நீளம். பஸ்ஸை மட்டும் நம்பினால் பெங்களூரிலிருந்து போய்வர 4,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். சனி, ஞாயிறு, செவ்வாய், வெள்ளி வேண்டாம், கோவில் கூட்டம் பாலம் வரைக்கும் நிற்கும். எம்.ஜி.ஆர். தங்க வாள் காணிக்கை கொடுத்த கொல்லூருக்கு சிகந்தூரிலிருந்தே காட்டு வழியாகச் சாலை இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கொல்லூர் பஸ் ஒன்றரை மணிக்கு என்றார்கள், இரண்டே காலுக்குத்தான் வந்தது. உட்கார இடம் கிடைத்தது.