பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வந்த முடக்குவாதம்

எனக்கு முடக்குவாதம் என்று கல்யாணத்துக்கு முதலே தெரியும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கிற வருத்தம் இது. இந்த வருத்தத்துக்குப் பார்க்கிற அன்டி சிசிபி என்ற இரத்தப் பரிசோதனை பொசிட்டிவ், காலையில் எழும்பினால் விரல்களை மடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். கிழமைக்கு ஒரு தடவை மெத்தொட்ரெக்சேட் என்ற வாதக் குளிசை, கூடவே போலிக் அசிட், அதில் நன்றாகவே இருந்தேன். ஆனால் மெத்தொட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும், அதனால் பிள்ளைக்கு யோசித்தபோது சில மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்தி ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்ற வேறு வாத மருந்து மட்டும் தந்தார்கள். மெத்தொட்ரெக்சேட் எடுக்கிற யாராவது இதைப் படித்தால், டொக்டரிடம் கதைக்காமல் தயவுசெய்து கர்ப்பத்துக்குத் திட்டமிட வேண்டாம்.

கர்ப்பத்தில் வீக்கம் தானாக வடிந்தது. கோணேசர் கோயில் ஏற்றத்தில் மூச்சு வாங்கியதே தவிர முழங்கால் நோகவில்லை. மாமி "வருத்தம் விட்டுப் போச்சு பிள்ளை, இனி ஏன் குளிசை?" என்றா. கிளினிக்கில் டொக்டர் மட்டும், பிள்ளை பிறந்த பிறகு திரும்ப வரக்கூடும், இப்போதே திகதி எடுத்து வையுங்கோ என்றார். வந்தது. மணிக்கட்டு வீங்கி, பிள்ளையைத் தூக்கவும் முடியாமல், துணித்தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அழுதிருக்கிறேன்.

ஏன் இப்படி என்று தேடித் தேடி வாசித்தேன். நம் இரத்தத்தில் இருக்கிற ஐஜிஜி என்ற பிறபொருளெதிரியின் (கிருமிகளை எதிர்க்க உடம்பு செய்கிற புரதம்) அடிப்பகுதியில், இரண்டு பக்கமும், சிறிய வெல்லச் சங்கிலி ஒன்று ஒட்டியிருக்கிறது, அதன் கிளை நுனிகளில் கலக்டோசு என்ற வெல்லமும் சிலவற்றில் அதற்கு மேல் சயலிக் அமிலம் என்ற இன்னொரு வெல்லமும் இருக்கும். முடக்குவாதக்காரரில் கலக்டோசு இல்லாத ஐஜிஜி கூடுதலாக இருக்கிறது என்று ஒக்ஸ்போர்ட் ஆராய்ச்சியாளர்கள் 1985இல் ஜப்பானியக் குழுவோடு சேர்ந்து வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் அந்தக் கலக்டோசு கூடுகிறது, பிள்ளை பிறந்த பிறகு திரும்பக் குறைகிறது! என் மூட்டு போன போக்கும் அதேதான். நுனி வெறுமையான பிறபொருளெதிரி அழற்சியைத் தூண்டும் பக்கம் சாய்கிறது, சயலிக் அமிலம் ஏறியது தணிக்கும் பக்கம் என்பது பொதுவான விளக்கம். கர்ப்ப நிம்மதிக்கு இது மட்டுமே காரணம் என்று யாரும் நிறுவவில்லை, ஹோர்மோன்களும் மற்ற எதிர்ப்புக் கலங்களும் சேர்ந்தே மாறுகின்றன, அதோடு என்னைப்போல் அன்டி சிசிபி உள்ள எல்லோருக்கும் கர்ப்பத்தில் குறைவதும் இல்லை. ஆனாலும் வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் ஊரில் பலர் சொன்னதுபோல இது பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால் வந்தது இல்லை.

சீனியைக் குறைத்தால் சரிவருமா என்று அக்கா கேட்டா. வராது. அந்த வெல்லத்தைக் கட்டுவது பிறபொருளெதிரியைச் செய்கிற கலத்துக்குள் இருக்கும் நொதியங்கள், நாம் தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியை அவை பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

சரி, என்ன செய்தார்கள்? உடம்பில் அழற்சியைக் காட்டுகிற ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டும் ஏறியிருந்தன. தாய்ப்பால் கொடுத்ததால் மெத்தொட்ரெக்சேட் தரவில்லை, குறைந்த அளவு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்டும் சல்பாசலசின் என்ற வாத மருந்தும் தந்தார்கள். இந்த ஸ்டீரொய்டுக்கும் கர்ப்பத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு: கர்ப்பத்தில் வாதம் தணிவதைக் கவனித்து 1938இல் எழுதிய பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க வைத்தியர், உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று தேடிப் போய்த்தான் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொய்டை வாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. என்னைப் போன்ற தாய்மாரைக் கவனமாகப் பார்த்த ஒருவரால் வந்த மருந்து என்பதில் எனக்குப் பெரிய நன்றி.

பால் கொடுத்த காலம் முழுக்க மாமிதான் பிள்ளையைக் குளிப்பாட்டினா, எனக்கும் காலையில் கை வைக்க சுடுதண்ணீர் தந்தா. கிளினிக் திகதி முதலே எடுத்திருந்ததால் காத்திருக்காமல் மருந்து கிடைத்தது, அதைத்தான் கர்ப்பமாக இருக்கிற வாதக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நல்லாயிருக்கும்போதே பிறகுக்கான திகதியை எழுதி வாங்குங்கோ. மகன் பால் மறந்த பிறகு மெத்தொட்ரெக்சேட்டைத் திரும்பத் தொடங்கினேன், ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் நடக்கிறது. இன்னொரு பிள்ளை என்றால் மெத்தொட்ரெக்சேட்டைத் திரும்பவும் முதலே நிறுத்த வேண்டும், நானும் அவரும் இன்னும் முடிவெடுக்கவில்லை.