தும்மலும் கடைவாய்ப் பல்லும்

மார்ச் 4

காலை எழுந்ததிலிருந்து 11 தும்மல். எண்ணியது நானல்ல, மகள். மகரந்தம் பறக்கும் பருவம் வந்துவிட்டால் என் மூக்குக்குப் பகலில் ஒழுகல், ராத்திரியில் அடைப்பு. செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மார்ச் 7

மேல் வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பற்கள் வலிக்கின்றன. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மூன்று நான்கு பற்கள் சேர்ந்து கனக்கின்றன. செருப்பு வாரை மாட்டக் குனிந்தால் விண் விண்ணென்று தெறிக்கிறது. சொத்தைதான், வேர் சிகிச்சைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச் 9

பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், குளிர்ச்சி வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். அப்புறம் கேட்டார்: "மூக்கு அடைச்சிருக்கா?"

கன்னத்துக்குள் இருக்கிற சைனஸ் அறையின் தரையும் மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனியும் அவ்வளவு நெருக்கமாம். நடுவில் ஒரு மெல்லிய எலும்புத் தகடுதான். பற்களுக்குப் போகும் நரம்புகளும் அந்த அறைச் சுவரை ஒட்டியே ஓடுகின்றன. அலர்ஜியில் உள்தோல் வீங்கி, சளி வெளியே வர வழியில்லாமல் தேங்கினால், வலி பல்லிலிருந்து வருவதாகவே தோன்றும். கீழ்ப் பற்கள் சும்மா இருந்ததற்கும் காரணம் இதுதான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நதானியேல் ஹைமோர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1651-லேயே இந்த அறையை விவரித்திருக்கிறார். பல் பிடுங்கிய குழிக்குள் இறகை விட்டுப் பார்த்து, அது உள்ளே போய்க்கொண்டே இருந்ததில் மிரண்டுபோன ஒரு பெண்மணியின் கதையும் அதில் உண்டு. பாவம்.

வலித்த பற்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வலிக்கவே வலிக்காத மேல் முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசினாற்போல் ஒரு வெள்ளைத் திட்டு. சொத்தையின் முதல் படி அது. ஃப்ளோரைடு தடவினார்கள். இப்போதே கவனித்தால் குழி விழாமல் தடுக்கலாமாம்.

மார்ச் 10

அந்தத் திட்டு எப்படி வந்தது என்றுதான் இன்றெல்லாம் யோசனை.

மூக்கு அடைத்ததால் ராத்திரி முழுக்க வாயால் மூச்சு. தூக்கத்தில் எச்சில் ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துவிடும். மிச்சமிருப்பதையும் காற்று உலர்த்திவிடுகிறது, முதலில் காய்வது மேல் முன்பற்கள். அலர்ஜி மாத்திரையும் தன் பங்குக்கு வாயை வறட்டும். தூக்கம் வரவழைக்கிற பழைய வகை மாத்திரைகளில் இது இன்னும் அதிகம். அமிலத்தைச் சமன் செய்வது எச்சில்தான். வாயின் பி.எச். (அமில அளவைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். தொண்டை வறள்கிறதே என்று சர்க்கரை போட்ட இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு தூங்கினேன் பாருங்கள், அது முழுக்க என் புத்திசாலித்தனம்.

மார்ச் 13

மிட்டாய்க்கு விடை. பதிலுக்குச் சர்க்கரையில்லாத சைலிட்டால் சூயிங்கம், அதுவும் பகலில் மட்டும். தலைமாட்டில் தண்ணீர். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் நிறுத்தினேன், அது காய்ந்த வாயை மேலும் காய வைக்கும். மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர்க் கழுவலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

காலையில் வாய் நாற்றம் மட்டும் போகவில்லை. மூக்குச் சளி தொண்டைப்பக்கம் இறங்கி நாக்கின் பின்புறத்தில் படிகிறது. அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. பல்லை எவ்வளவு தேய்த்து என்ன பயன்? நாக்கை வழித்த பிறகுதான் குறைந்தது.

மார்ச் 16

ஆப்பிள் கடித்ததும் உதடும் அண்ணமும் அரித்தன. பிர்ச் மர மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்கு இப்படி ஆகுமாம், இரண்டிலும் ஒரே சாயலில் புரதம் இருப்பதால். வேக வைத்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும். மூச்சுத் திணறலோ தொண்டை வீக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

மார்ச் 24

குனிந்து செருப்பு மாட்டினேன். பல் வலிக்கவில்லை. வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் காட்ட வேண்டும். தும்மல் இன்றைக்கு 4 தான் என்கிறாள் மகள்.