ஜோன் வராத பிளேட்

பாக்டீரியா வளர்த்த அந்தப் பிளேட்டை நான் மறைக்கவில்லை. மற்ற பிளேட்டுகளோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தேன், அவ்வளவுதான். வேலை முடிந்த பிளேட்டை 121 டிகிரியில் வேகவைத்துத்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும், அதுதான் என் வேலை. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகிறது.

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு அந்தப் பெண் அவள் ஆச்சி வீட்டு நீராகாரத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். எம்ஆர்எஸ் அகார் என்ற வளர்ப்புக் கூழில் கோடிழுத்து ஒரு பாக்டீரியாக் காலனியைப் பிரித்தெடுத்தாள். கிராம் சாயம் பிடித்த (கிராம் பாசிட்டிவ்) குச்சி வடிவம்; பெராக்சைடு விட்டால் நுரைக்கவில்லை. புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா என்று அவள் கைடு சார் சொல்லிவிட்டார். அதைத் திரவத்தில் வளர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்த நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் தள்ளி, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைப் பரப்பிய பிளேட்டில் 6 மி.மீ. குழி வெட்டி அதில் விட்டாள். மறுநாள் காலையில் குழியைச் சுற்றி, ஈ.கோலை வளராமல், கண்ணாடி மாதிரி ஒரு வட்டம்; லேபில் அதை ஜோன் என்போம். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 17 மி.மீ.

"அண்ணா, ஆச்சி ஜெயிச்சுட்டா!" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஒரு தடவை சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச்சை 6.5க்குக் கொண்டுவந்து போட்டுப் பாருங்கம்மா" என்றேன். பிஎச் என்பது புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். லாக்டோபேசில்லஸ் வளர்ந்த திரவம் நாலுக்குப் பக்கத்தில் புளித்துக் கிடக்கும். அந்தப் புளிப்புக்கே ஈ.கோலை சாகும். புளிப்பை எடுத்த பிறகும் வட்டம் வந்தால்தான் வேறு ஏதோ சுரக்கிறது என்று பேச முடியும். பதினைந்து வருஷமாக மீடியா காய்ச்சுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

போட்டாள். வட்டம் இல்லை. குழியின் விளிம்பு வரை ஈ.கோலை மெத்தென்று படர்ந்திருந்தது.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். சார் கிளம்பிவிட்டார். பிரிட்ஜில் வைத்திருந்த 17 மி.மீ. பிளேட்டைக் கறுப்புத் தாளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், "அண்ணா, இதையும் போட்டோ எடுக்கணுமா?" என்று கேட்டாள். நான் குடுவைகளுக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். நிமிரக்கூட இல்லை. "சார் எதைக் கேட்டாரோ அதை எடுங்கம்மா" என்றேன்.

'எடுங்கம்மா' என்று சொல்ல ஒரு நொடி போதும். அட்டெண்டர் ஒருவன் மாணவிக்கு எதைச் சேர்க்கணும், எதை விடணும் என்று சொல்லலாமா என்ற தயக்கம் இருந்தது உண்மை. ஆனால் 6.5க்குக் கொண்டுவா என்று சொன்னபோது அந்தத் தயக்கம் எங்கே போயிருந்தது? அதுதான் உறுத்துகிறது.

வைவா அன்று டீ டிரேயோடு உள்ளே நுழைகிறேன், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்கிறார்: "நியூட்ரலைஸ் பண்ணிப் பார்த்தீங்களா?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லை சார், நேரம் போதலை" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். நான் டிரேயைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்காக நானே வாதாடியும் பார்த்திருக்கிறேன். புளிப்பு கொன்றால் அது கொல்வது ஆகாதா? பானைச் சோறு ராத்திரி முழுக்கக் கெடாமல் இருப்பதற்குப் பெரிய காரணமே அந்த லாக்டிக் அமிலம்தானே. பாக்டீரியாவைக் கொல்லும் நைசின் மாதிரிப் புரதம் வந்திருந்தாலும் ஈ.கோலையைத் தொட்டிருக்காது, அதன் வெளிச்சவ்வு நைசினை உள்ளே விடாது. அமிலமோ அந்தச் சவ்வையே தளர்த்திவிடும். அப்படிப் பார்த்தால் ஆச்சியின் பானை செய்வதைத்தான் பிளேட்டும் காட்டியது. சரி, அதையே எழுதியிருக்கலாமே? அவள் ஆய்வேட்டில் இருப்பது 'நோய் எதிர்க்கும் புரோபயாட்டிக்'. ஒரு டம்ளர் நீராகாரத்தின் புளிப்பு, அதைவிடப் பல மடங்கு அமிலம் ஊறும் இரைப்பைக்குள் போய் என்ன செய்துவிடப் போகிறது?

2017இல் ஒடிசா ஆய்வு வெளிவந்தது பற்றி எங்கள் லேபில் எல்லோருக்கும் பெருமை. 4,556 பச்சிளங்குழந்தைகளில் ஒரு பகுதிக்கு லாக்டோபேசில்லஸ் பிளான்டாரமும் அதற்குத் தீனியாக ஒரு சர்க்கரையும் ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத்தொற்றோ மரணமோ நேர்ந்தது கொடுக்காதவர்களில் 9 சதவீதம், கொடுத்தவர்களில் 5.4. பார்த்தாயா, விஷயம் உண்மைதான் என்று அதைக் காட்டி மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் யோசித்தால், அவர்கள் பாக்டீரியா கொடுத்ததும் கொடுக்காததும் என்று இரண்டு பக்கத்தையும் எண்ணினார்கள். நாங்கள் ஒரு பக்கத்தை வேகவைத்துவிட்டோம்.

அவளுக்கு நல்ல மார்க். இப்போது ஏதோ ஊறுகாய்க் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினாள், நானும் அனுப்பினேன். அவளிடம் இதைக் கேட்கலாம். கேட்டு, "என்னண்ணா, நீங்கதானே சொன்னீங்க" என்று அவள் சொல்லிவிட்டால்?

ஆய்வேடு துறை அலமாரியில் இருக்கிறது. தூசி தட்டும்போது சில சமயம் விரித்துப் பார்ப்பேன். 17 மி.மீ. படத்தின் வலது மூலையில், கறுப்புத் தாளுக்கு வெளியே, இன்னொரு பிளேட்டின் மூடி கால்வாசி விழுந்திருக்கிறது. அதில் மார்க்கரில் 6.5 என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது.